நாலு பேர் ஆடும் ஆர்கேட் கேபினெட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஆர்கேட் கேபினெட் செய்து வைத்தவர்கள், இரண்டு பேர் ஆடுகிற வரைக்கும் என்னைத் தேட மாட்டார்கள். மூன்றாவதாக ஒருவர் வந்து நின்று "எனக்கு?" என்று கேட்டதும் போன் வந்துவிடும். அப்படி வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேபினெட்டுக்குள் ஒரு கணினியை வைத்து மேம் எமுலேட்டர் (பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) ஓட்டுகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது. மற்ற எமுலேட்டர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

நாலு பேர் ஆடுற கேம் எத்தனைதான் இருக்கு? இதுக்குன்னு இவ்வளவு மெனக்கெடணுமா?

எண்ணிக்கையில் குறைவுதான். ஆனால் இருக்கிறவை கனமானவை. அட்டாரியின் காண்ட்லெட் 1985-இல் வந்தது. கொனாமி 1989-இல் நிஞ்சா டர்டில்ஸ், 1991-இல் தி சிம்ப்சன்ஸ், சன்செட் ரைடர்ஸ், 1992-இல் எக்ஸ்-மென் என்று வரிசையாக இறக்கியது. கேப்காமின் கேப்டன் கமாண்டோ 1991, மிட்வேயின் என்பிஏ ஜாம் 1993. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வரிசையில் ஷேடோ ஓவர் மிஸ்டாரா 1996. இந்த ஏழெட்டுக்காகவே நாலு ஜாய்ஸ்டிக் போட்டவர்கள் உண்டு. நானும் அதில் ஒருவன்.

ஒரு விஷயம்: நாலு பேர் ஆட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் சிலது உண்மையில் மூன்று பேருக்கானது. நம்மில் பலர் 'முஸ்தபா கேம்' என்றே சொல்லும் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ், நைட்ஸ் ஆஃப் தி ரவுண்ட், ராம்பேஜ் எல்லாம் அப்படி. நாலாவது ஜாய்ஸ்டிக் வேலை செய்யவில்லை என்று இவற்றை வைத்துச் சோதித்துவிட்டு வயரைப் பிடுங்காதீர்கள்.

வீட்டில் வழக்கமாக ஆடப்போவது நீங்களும் இன்னொருவரும்தான் என்றால், அடுத்த கேள்விக்கான பதிலோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

ரெண்டு பேர் பேனல் ஏற்கெனவே இருக்கு. அதை உடைக்காம நாலு பேர் ஆட முடியுமா?

முடியும். காசுக் கதவுக்குப் பக்கத்திலோ, ஜாய்ஸ்டிக்கும் பட்டனும் பொருத்திய பலகையான பேனலுக்குக் கீழேயோ இரண்டு யூஎஸ்பி துளைகளை வெளியே வரும்படி பொருத்துங்கள். மூன்றாவது, நாலாவது ஆள் வந்தால் இரண்டு கேம்பேடைச் செருகுங்கள். பேனலில் நிற்பவர்கள் நிற்கட்டும், கேம்பேட்காரர்கள் பின்னால் நாற்காலி போட்டு உட்காரட்டும்.

எல்லாரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஆடுகிற சுகம் இதில் கிடைக்காது என்பது உண்மை. ஆனாலும் யார் கேட்டாலும் முதலில் ஒரு மாதம் இப்படி ஆடிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். ஒரு மாதத்தில் அந்த கேம்பேடுகள் எத்தனை முறை வெளியே வந்தன என்பதைப் பார்த்தால் பெரிய பேனல் வேண்டுமா வேண்டாமா என்பது தெரிந்துவிடும். வயர் உள்ள கேம்பேடே போதும். ப்ளூடூத் என்றால் எது முதலில் இணைகிறதோ அது முதல் எண்ணைப் பிடித்துக்கொள்ளும் தலைவலி சேரும்.

ஒரே கீபோர்டுல நாலு பேர் ஆடலாமா?

சோதித்துப் பார்க்க ஆடலாம், ஆட்டமாக ஆட முடியாது. நாலு பேர் ஆளுக்கு ஒரு குறுக்குத் திசையும் ஒரு பட்டனும் அழுத்தினாலே 12 கீ ஆகிறது. சாதாரண யூஎஸ்பி கீபோர்டு ஷிஃப்ட், கண்ட்ரோல் போன்றவை நீங்கலாக ஒரே நேரத்தில் 6 கீக்கு மேல் சொல்லாது. அதற்குள்ளேயே சில சேர்க்கைகள் விழுங்கப்படும். ஒருவர் குதிக்கும்போது இன்னொருவர் உறைந்து நிற்பார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மேமில் முதல் பிளேயரின் நாலாவது பட்டன் இடது ஷிஃப்ட், மூன்றாவது பிளேயரின் இரண்டாவது பட்டன் வலது ஷிஃப்ட் என்று முன்கூட்டியே வைத்திருக்கும். விண்டோஸில் ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் வந்து நிற்கும். வலது ஷிஃப்டை எட்டு விநாடி பிடித்தால் ஃபில்டர் கீஸ் எட்டிப் பார்க்கும். கடைசி எதிரியை அடிக்கும் நேரம் பார்த்து இது வரும். கீபோர்டு வகை என்கோடர் போர்டு (ஜாய்ஸ்டிக், பட்டன் அழுத்தங்களைக் கணினிக்குச் சொல்லும் சர்க்யூட் போர்டு) பயன்படுத்தினாலும் இது நடக்கும் என்பதால், விண்டோஸில் அணுகல்தன்மை அமைப்புகளுக்குப் போய் இந்த இரண்டு குறுக்குவழியையும் முதல் நாளே அணைத்துவிடுங்கள்.

எத்தனை பட்டன் போடணும்? எல்லாருக்கும் ஆறு ஆறா?

வேண்டாம். ஆறு பட்டன் தேவைப்படுவது ஸ்ட்ரீட் ஃபைட்டர் மாதிரி சண்டை ஆட்டங்களுக்கு. அவை இரண்டு பேர் ஆட்டங்கள். நாலு பேர் ஆட்டங்களில் டர்டில்ஸ், சிம்ப்சன்ஸ், காண்ட்லெட் ஆகியவற்றுக்கு இரண்டே பட்டன். எக்ஸ்-மென், என்பிஏ ஜாம் மூன்று. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நாலு. ஆக, நடுவில் நிற்கிற இருவருக்கு ஆறு, ஓரத்து இருவருக்கு நாலு. ஓரத்தில் ஆறு பட்டன் போட்டால் இடம்தான் வீணாகும். அந்த இடத்தின் அருமை பேனல் அகலம் பற்றிய கேள்வியில் புரியும்.

எந்த என்கோடர் போர்டு வாங்கறது?

முதலில் எண்ணுங்கள். நடுவில் இருப்பவருக்கு திசை 4, பட்டன் 6, ஸ்டார்ட் 1, காசு 1: மொத்தம் 12. ஓரத்தில் இருப்பவருக்கு 10. நாலு பேருக்கும் 44. வெளியேற ஒன்று, நிறுத்திவைக்க ஒன்று சேர்த்தால் 46.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, நாலு பேருக்கும் சேர்த்து ஒரே போர்டு. ஐ-பேக் 4 என்பது 56 உள்ளீடு கொண்டது, தாராளமாகப் போதும். இன்னொன்று, ஆளுக்கொரு சின்ன யூஎஸ்பி போர்டு. 'ஜீரோ டிலே' என்ற பெயரில் கிடைப்பவை. பின்னது மலிவு, வயரும் கூடவே கொடுப்பார்கள். ஆனால் நாலு போர்டும் கணினிக்கு ஒரே பெயரில் தெரியும். அதனால் வருகிற கூத்தைத் தனிக் கேள்வியாகவே கீழே எழுதியிருக்கிறேன். என்னைக் கேட்டால், பணம் இருக்கிறவர் ஒரே போர்டு வாங்கட்டும். பொறுமை இருக்கிறவர் நாலு போர்டு வாங்கட்டும்.

வயரிங் கஷ்டமா?

கஷ்டம் இல்லை, நேரம் பிடிக்கும். ஒவ்வொரு ஸ்விட்சிலும் ஒரு வயர் போர்டுக்குப் போகும், இன்னொன்று எல்லாவற்றுக்கும் பொதுவான கிரவுண்ட். கிரவுண்டை ஒரு ஸ்விட்சிலிருந்து அடுத்ததற்கு மாலை கோத்த மாதிரி கொண்டுபோகலாம். பட்டனின் அடியில் இருக்கும் மைக்ரோஸ்விட்சில் மூன்று முனை இருக்கும்: காம் (பொது முனை), என்ஓ (அழுத்தினால் இணைவது), என்சி (அழுத்தினால் துண்டிப்பது). காமில் கிரவுண்ட், என்ஓவில் போர்டு வயர். என்சியில் தவறிச் செருகினால் பட்டன் தலைகீழாக வேலை செய்யும். தொடாதபோது அழுத்தியதாகவும், அழுத்தும்போது விட்டதாகவும் காட்டும்.

முனைக் கிளிப் வாங்கும்போது அளவு பாருங்கள். மைக்ரோஸ்விட்ச் உள்ள அமெரிக்க பாணிப் பட்டனுக்கு 4.8 மிமீ, ஜப்பானிய பாணிப் பட்டனுக்கு 2.8 மிமீ. இரண்டும் கலந்த பேனல் என்றால் இரண்டு அளவும் வேண்டும்.

பேனல் எவ்வளவு அகலம் இருக்கணும்?

ஒரு ஆளின் தோள் அகலம் ஏறக்குறைய 45 செமீ. நாலு பேர் நேராக வரிசையில் நின்றால் 180 செமீ. அவ்வளவு அகலமான பேனல் யாரும் செய்வதில்லை. நடுவில் இருவர் நேராகவும், ஓரத்து இருவர் திரும்பியும் நிற்பதால் 110 முதல் 120 செமீக்குள் அடங்கிவிடும். 100-க்குக் கீழே போனால் முழங்கைச் சண்டை ஆட்டத்தைவிட சுவாரசியமாகிவிடும்.

மரத்தை அறுக்கும் முன் ஒரு பெரிய அட்டையில் வரைந்து, ஜாய்ஸ்டிக் வரும் இடங்களில் டம்ளர்களைக் கவிழ்த்து வைத்து, நாலு பேரை நிற்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் பிடித்தபடி நிற்கட்டும். நான் செய்த முதல் அட்டையில் இடது ஓரத்து ஆளின் வலது முழங்கையும் பக்கத்து ஆளின் இடது முழங்கையும் ஒரே இடத்தில் இருந்தன. நின்று பார்த்ததால்தான் தெரிந்தது.

அப்புறம், வாசல் கதவை அளந்துவிடுங்கள். 120 செமீ பேனல் பூட்டிய கேபினெட் பெரும்பாலான அறைக்கதவுகளில் நேராக நுழையாது. பேனலைக் கழற்றி மாட்டும்படி செய்துகொள்வது நல்லது. ஒரே என்கோடர் போர்டு இருந்தால் ஒரு யூஎஸ்பி வயரை உருவினால் பேனல் கையோடு வந்துவிடும்.

ஓரத்துல நிக்கறவங்க ஜாய்ஸ்டிக்கை அவங்க பக்கம் திருப்பி வைக்கணுமா, நேரா வைக்கணுமா?

திரையைப் பார்த்து நேராக வையுங்கள். இதில் தடுமாறாதவர்களே இல்லை என்று சொல்லலாம், நானும் தடுமாறினேன்.

பார்ப்பதற்கு, ஆள் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறாரோ அந்தப் பக்கமே ஜாய்ஸ்டிக்கும் திரும்பியிருந்தால் அழகாக இருக்கும். பட்டன் வரிசையோடும் பொருந்தும். நான் என் பேனலில் ஓரத்து இரண்டையும் உத்தேசமாக 20 டிகிரி சாய்த்துத் துளைபோட்டேன். டர்டில்ஸ் ஆடினோம். நாலாவது இடத்தில் நின்றவர் வலதுபக்கம் தள்ளுகிறார், ஆமை வலப்பக்கம் போகாமல் தெருவின் கீழ்க்கோடியை நோக்கி நழுவுகிறது. அவர் கண் திரையில் இருக்கிறது. கை திரையின் வலதுபக்கம் தள்ளுகிறது. ஜாய்ஸ்டிக்கின் வலதுபக்கமோ 20 டிகிரி தள்ளி இருக்கிறது. எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கில் ஒவ்வொரு திசைக்கும் 45 டிகிரி. நேர்க்கோட்டிலிருந்து 22 டிகிரி விலகினால் போதும், குறுக்குத் திசை ஆகிவிடும். ஏற்கெனவே 20 டிகிரி சாய்ந்திருந்தால் மிச்சம் இருப்பது இரண்டே டிகிரி. கை லேசாக நடுங்கினாலும் ஆமை சறுக்கும்.

அந்தப் பலகையை எடுத்துப் போட்டுவிட்டு இன்னொன்று அறுத்தேன். பட்டன் வரிசையைச் சாய்த்துக்கொள்ளலாம், தப்பில்லை. பட்டனுக்குத் திசை கிடையாது. ஜாய்ஸ்டிக்கின் அடித்தகடு மட்டும் திரையின் அடிவிளிம்புக்கு இணையாக இருக்க வேண்டும். ஏற்கெனவே சாய்த்துத் துளைபோட்டுவிட்டவர்கள் பலகையை மாற்ற வேண்டியதில்லை. தண்டுக்கான துளை வட்டம்தானே. கீழே திருகைக் கழற்றி, தகட்டை மட்டும் திருப்பி மாட்டினால் போதும். என் பலகையில் மேலிருந்து போல்ட் போட்டிருந்ததால் எனக்கு அந்த வழி இல்லாமல் போனது.

இடமிருந்து வலம் 1, 2, 3, 4-ன்னு வைக்கறதா? சிலர் 3, 1, 2, 4-ன்னு வைக்கறாங்களே, ஏன்?

பேனலில் ஒருவர் நிற்கும் இடம் வேறு, ஆட்டத்தில் அவருடைய எண் வேறு. நாலு பேர் ஆட்டத்தில் வருகிற குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால் வருபவை.

3, 1, 2, 4 என்று வைப்பதற்குக் காரணம், தினமும் ஆடுவது இரண்டு பேர் ஆட்டங்கள்தான். அப்போது முதல் இருவரும் திரைக்கு நேராக நடுவில் நிற்கலாம். 1, 2, 3, 4 என்று வைத்தால் இரண்டு பேர் ஆடும்போது இருவரும் இடதுபக்கமாக ஒதுங்கி நின்று கழுத்தைத் திருப்ப வேண்டும். அதனால் நடுவில் 1-உம் 2-உம் இருப்பதே என் கட்சி.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. டர்டில்ஸ், சிம்ப்சன்ஸ் போன்றவற்றில் புள்ளியும் உயிரும் திரையின் மேலே இடமிருந்து வலம் 1, 2, 3, 4 என்றுதான் வரும். இடது ஓரத்தில் நிற்பவருடைய கணக்கு திரையில் மூன்றாவது கட்டத்தில் ஓடும். அவர் முதல் கட்டத்தைப் பார்த்து "எனக்கு இன்னும் உயிர் இருக்கு" என்று நினைத்துக்கொண்டிருப்பார். காண்ட்லெட்டில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே கணக்கு திரையின் வலதுபக்கம் மேலிருந்து கீழாக, நிறத்தோடு வரும்.

தீர்வு, நாலு பேர் ஆட்டங்களுக்கு மட்டும் எண்ணை மாற்றிவிடுவது. மேமில் ஆட்டம் ஓடும்போது டேப் கீயை அழுத்தினால் மெனு வரும். உள்ளீடு அமைக்கும் பகுதியில் எல்லா ஆட்டத்துக்கும் பொதுவானது ஒன்று, இந்த ஆட்டத்துக்கு மட்டும் என்பது ஒன்று. இரண்டாவதற்குள் போய் இடது ஓர ஜாய்ஸ்டிக்கை முதல் பிளேயராகவும், நடு இரண்டை 2, 3 ஆகவும், வலது ஓரத்தை 4 ஆகவும் வையுங்கள். திசை, பட்டனோடு ஸ்டார்ட்டையும் காசையும் சேர்த்து மாற்ற வேண்டும். இதை மறப்பவர்கள்தான் "என் காசைப் போட்டா பக்கத்துல இருக்கறவன் உயிர் பெறுறான்" என்று சொல்வார்கள். இப்படி மாற்ற வேண்டிய ஆட்டங்கள் பத்துக்குள்தான், ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும்.

ஜாய்ஸ்டிக் குண்டுக்கு நாலு கலர் வாங்கலாமா?

காண்ட்லெட்டில் 1 சிவப்பு, 2 நீலம், 3 மஞ்சள், 4 பச்சை. அதே வரிசையில் வாங்கினால் டர்டில்ஸுக்கு ஒத்துவராது. அங்கே ஆமைகளின் முகமூடியில் மஞ்சளும் பச்சையும் இல்லை, ஊதாவும் ஆரஞ்சும் உண்டு. அதோடு நாலு பேர் பதிப்பில் எந்த இடத்துக்கு எந்த ஆமை என்பது முன்பே முடிவானது, மாற்றிக்கொள்ள முடியாது. மேலே சொன்ன மாதிரி எண்ணையும் மாற்றினால் இன்னும் குழப்பம். நான் நாலும் கறுப்பாகப் போட்டுவிட்டேன்.

என்பிஏ ஜாம்ல நானும் தம்பியும் எதிரெதிரா ஆடணும். ரெண்டு பேரும் ஒரே டீம்ல வர்றோமே?

அந்த ஆட்டத்தில் 1-உம் 2-உம் ஒரு அணி, 3-உம் 4-உம் எதிரணி. இரண்டு பேர் 1, 2 இடங்களில் நின்று தொடங்கினால் கூட்டாளிகள்தான். எதிரெதிராக ஆட ஒருவர் 3 அல்லது 4-இல் நுழைய வேண்டும்.

3, 1, 2, 4 பேனலில் இது இன்னும் கோணலாகும். நாலு பேர் ஆடும்போது நடு இருவர் ஒரு அணி, இரண்டு ஓரமும் இன்னொரு அணி. கூட்டாளியோடு பேச வேண்டும் என்றால் இரண்டு தலைகளைத் தாண்டிக் கத்த வேண்டும். முந்தைய பதிலில் சொன்ன எண் மாற்றத்தை இந்த ஆட்டத்துக்குச் செய்தால் இரண்டு சிக்கலும் ஒன்றாகத் தீரும். இடதுபக்க இருவர் ஓர் அணி, வலதுபக்க இருவர் ஓர் அணி. நடுவில் நிற்கிற நீங்களும் தம்பியும் 2, 3 ஆகிவிடுவீர்கள். அதாவது எதிரெதிர்.

சிம்ப்சன்ஸ் ரெண்டு பேருக்கு மேல எடுக்கவே மாட்டேங்குது. செட்டிங் எங்க இருக்கு?

செட்டிங்கில் இல்லை, நீங்கள் ஓட்டுவது இரண்டு பேர் பதிப்பு. கொனாமி ஒரே ஆட்டத்தை நாலு பேர் கேபினெட்டுக்கு ஒரு பதிப்பாகவும் இரண்டு பேர் கேபினெட்டுக்கு ஒரு பதிப்பாகவும் வெளியிட்டது. டர்டில்ஸ், சன்செட் ரைடர்ஸ், எக்ஸ்-மென் எல்லாம் அப்படித்தான். உள்ளே இருக்கும் நிரலே வேறு. எந்த மெனுவைத் தோண்டினாலும் இரண்டு நாலாகாது. ஆட்டப் பட்டியலில் முழுப்பெயரைப் பாருங்கள், பக்கத்தில் எத்தனை பேருக்கானது என்று எழுதியிருக்கும். சில ரோம் (ஆட்டத்தின் நிரல் அடங்கிய ஃபைல்) தொகுப்புகளில் கிளை பதிப்பு ஓட மூலப் பதிப்பின் ஃபைலும் கூடவே இருக்க வேண்டும்.

ரோம் எங்கே கிடைக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். இவற்றுக்குக் காப்புரிமை இருக்கிறது.

அப்ப எல்லா கேமும் அப்படித்தானா? கேப்டன் கமாண்டோவும் ரெண்டு பேர்தான் எடுக்குது.

அது வேறு கதை. அதன் நிரல் ஒன்றுதான். எத்தனை பேர் என்பதை டிப் ஸ்விட்ச் தீர்மானிக்கும். நிஜ கேபினெட்டில் சர்க்யூட் போர்டின்மேல் இருக்கும் குட்டி ஸ்விட்ச் வரிசைதான் அது. மேமில் டேப் மெனுவிலேயே அதற்கான பகுதி வரும். அங்கே ஆட்ட முறை என்ற இடத்தில் 4 பேர் என்று மாற்றி ஆட்டத்தை மறுபடி தொடங்குங்கள். என்பிஏ ஜாமிலும் 2 அல்லது 4 என்று இப்படியே இருக்கிறது.

ஷேடோ ஓவர் மிஸ்டாரா மாதிரி பின்னாளில் வந்த போர்டுகளில் டிப் ஸ்விட்ச் கிடையாது. எஃப்2 அழுத்தி ஆட்டத்தின் சொந்த சோதனை மெனுவுக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும்.

நாலு காசு பட்டன் அவசியமா? காசே கேட்காத ஃப்ரீ ப்ளே போட்டா போதாதா?

நாலு இருந்தால் நல்லது. நாலு பேர் ஆட்டங்களில் பெரும்பாலும் ஆளுக்கொரு காசுத் துளை. நீங்கள் போடுகிற காசு உங்களுக்கு மட்டும். மேமில் காசுக்கு 5, 6, 7, 8 கீ, ஸ்டார்ட்டுக்கு 1, 2, 3, 4. ஒரே காசு பட்டன் வைத்து நாலுக்கும் இணைத்தால் ஒருவர் அழுத்தும்போதெல்லாம் எல்லாருக்கும் காசு ஏறும். வீட்டில் அது பெரிய குற்றமில்லை, ஆனால் காண்ட்லெட்டில் மட்டும் செய்யாதீர்கள். அங்கே காசுதான் உயிர். நேரம் போகப்போக உயிர் தானாகக் குறையும், காசு போட்டால் ஏறும். ஒருவர் அழுத்தி நாலு பேருக்கும் உயிர் ஏறினால் உணவைத் தேடி ஓடுவதற்கும் அதற்காக அடித்துக்கொள்வதற்கும் அர்த்தமே இல்லை.

பேனலில் இடம் இல்லையென்றால், சில என்கோடர் போர்டுகளில் ஒரு ஸ்டார்ட் பட்டனைப் பிடித்துக்கொண்டு வேறொன்றை அழுத்தினால் இன்னொரு வேலை செய்யும்படி அமைக்கலாம். காசை அப்படி ஒளித்து வைக்கலாம். புதிதாக வருகிறவருக்கு ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

நேத்து சரியா இருந்தது. இன்னிக்கு ஆன் பண்ணா மூணாவது ஜாய்ஸ்டிக் முதல் ஆளை ஆட்டுது. ஏன்?

நாலு தனி யூஎஸ்பி போர்டு போட்டிருக்கிறீர்கள் என்று கேட்காமலே சொல்லிவிடலாம். கணினி ஆன் ஆகும்போது எந்த போர்டை முதலில் கண்டுபிடிக்கிறதோ அதற்கு முதல் எண் கொடுக்கும். நாலுக்கும் ஒரே பெயர். தனித்து அடையாளம் காட்டும் வரிசை எண்ணும் பெரும்பாலும் இருக்காது. நாலு இரட்டைப் பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொல்லி, பெயர் கேட்காமல் எண்ணுகிற மாதிரிதான் அது.

முதல் மருந்து: நாலையும் எந்தத் துளையில் செருகினீர்களோ அங்கேயே விட்டுவிடுங்கள், துளைக்கும் வயருக்கும் ஒரே எண் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும். ஆகவில்லையென்றால், பெயரை வைத்து அடையாளம் காணாமல் செருகிய துளையை வைத்து அடையாளம் காணும்படி செய்ய வேண்டும். மேமின் கண்ட்ரோலர் ஃபைலில் 'இந்த அடையாளம் உள்ள சாதனம்தான் ஜாய்ஸ்டிக் 1' என்று ஒரு வரி எழுதலாம். விண்டோஸில் சாதனத்தின் நீண்ட அடையாளத்தில் செருகிய இடமும் அடங்கியிருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். லினக்ஸில் சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் என்ற பகுதிக்கு விதி எழுதி, இந்தத் துளையில் இருப்பதற்கு இந்தப் பெயர் என்று நிலைநிறுத்தலாம்.

எக்ஸ்பாக்ஸ் கேம்பேட் மாதிரி தன்னைக் காட்டிக்கொள்ளும் போர்டு என்றால் இன்னொரு எல்லை உண்டு. அந்த முறையில் மொத்தமே நாலு இடம். பேனல் நாலையும் பிடித்துக்கொண்டால் ஐந்தாவதாகச் செருகுகிற கேம்பேடைக் கணினி கண்டுகொள்ளாது.

இரண்டு வார இறுதியை இதில் தொலைத்த பிறகு நான் ஒரே போர்டுக்கு மாறினேன். அதற்குப் பிறகு இப்படி நேர்ந்ததே இல்லை.

செட்டிங் எல்லாம் மாத்தி வச்சேன். மறுநாள் பழையபடி ஆயிடுச்சு.

சுவரில் ஸ்விட்சை அணைத்து கேபினெட்டை நிறுத்துகிறீர்களா? உள்ளீடு மாற்றங்களையும் சோதனை மெனுவில் செய்த மாற்றங்களையும் மேம் ஆட்டத்தை விட்டு வெளியேறும்போதுதான் எழுதி வைக்கும். மின்சாரத்தைப் பிடுங்கினால் எழுத நேரம் கிடைக்காது. மாற்றம் செய்த உடனே ஒருமுறை முறையாக வெளியேறுங்கள். அப்போதும் நிற்கவில்லையென்றால் அந்த ஃபோல்டரில் எழுத அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

நாலாவது பிளேயர் பட்டன் ஒண்ணுமே வேலை செய்யல.

ஒன்றுமே இல்லையென்றால் கிரவுண்ட். மாலை மாதிரி கோத்த அந்த வயர் ஓரிடத்தில் அறுந்தால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் செத்துவிடும். கடைசியாக வேலை செய்யும் பட்டனுக்கும் முதலில் செத்த பட்டனுக்கும் நடுவில் உள்ள கிளிப்பை இழுத்துப் பாருங்கள். ஒரே ஒரு பட்டன் மட்டும் என்றால் அதன் சொந்த வயர். எல்லாம் வேலை செய்து இந்த ஒரு ஆட்டத்தில் மட்டும் இல்லையென்றால் வயரை விடுங்கள், மூன்று பேர் ஆட்டமா, இரண்டு பேர் பதிப்பா என்று மேலே பார்த்துக்கொள்ளுங்கள்.

24 இஞ்ச் மானிட்டர் போதுமா?

இரண்டு பேருக்குப் போதும். இந்த ஆட்டங்கள் 4:3 வடிவம். 24 இஞ்ச் அகலத்திரையில் 4:3 படம் 20 இஞ்சுக்குள் சுருங்கிவிடும். 120 செமீ பேனலின் ஓரத்திலிருந்து பார்த்தால் எந்த ஆமை தன்னுடையது என்று தேட வேண்டும். 32 இஞ்ச் வைத்தால் 4:3 படம் ஏறக்குறைய 26 இஞ்ச் கிடைக்கும். அன்றைய பெரிய கேபினெட்டுகளில் இருந்த 25 இஞ்ச் படக்குழாய்க்கு இது சமம்.

அளவைவிட முக்கியம், பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் மாறாத ஐபிஎஸ் திரையாக இருப்பது. டிவி என்றால் கேம் மோடைப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் பட்டனுக்கும் அடிக்கும் நடுவே ஒரு தயக்கம் தெரியும்.

பெரிய கம்ப்யூட்டர் வேணுமா? நாலு பேர்னா லோடு அதிகமா?

ஆட்கள் கூடுவதால் சுமை கூடாது. எந்த ஆட்டம் என்பதுதான் கணக்கு. முதல் பதிலில் சொன்னவை எல்லாம் ராஸ்பெர்ரி பை 4-இலேயே ஓடும். காண்ட்லெட் டார்க் லெகசி போன்ற பிற்கால முப்பரிமாண ஆட்டங்கள் வேண்டுமென்றால் நல்ல கணினி வேண்டும்.

சூப்பர் நின்டெண்டோ பாம்பர்மேனை நாலு பேர் ஆட முடியுமா?

முடியும். அந்தப் பெட்டியில் இருந்ததே இரண்டு துளை. நாலு பேர் ஆட இரண்டாவது துளையில் மல்டிடேப் என்ற இணைப்புப் பெட்டியைச் செருகினார்கள். பல எமுலேட்டர்களை ஒரே இடத்தில் ஓட்டும் ரெட்ரோஆர்க் மென்பொருளிலும் அதையேதான் செய்ய வேண்டும்: கண்ட்ரோல் மெனுவில் இரண்டாவது போர்ட்டின் சாதன வகையை மல்டிடேப் என்று மாற்றுங்கள். இதை அந்த ஆட்டத்துக்கு மட்டும் சேமியுங்கள். எல்லாவற்றுக்கும் சேமித்தால் மல்டிடேப் தெரியாத சில ஆட்டங்கள் முரண்டு பிடிக்கும்.

நாலு பேரும் சாய்ஞ்சு ஆடும்போது கேபினெட் முன்னால வருதே?

பேனல் கேபினெட்டைவிட அகலமாகவும் முன்னால் நீட்டிக்கொண்டும் இருக்கிறது, பழைய கனமான படக்குழாய்க்குப் பதில் லேசான எல்சிடி பின்னால் இருக்கிறது. சாயாமல் என்ன செய்யும்? அடிப்பெட்டியின் பின்பக்கம் இரண்டு மணல் மூட்டை வையுங்கள், முடிந்தால் மேல்பகுதியைச் சுவரோடு ஒரு பட்டையால் கட்டுங்கள். குழந்தைகள் ஓரத்து ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துத் தொங்கக்கூடிய வீடு என்றால் இரண்டையும் செய்யுங்கள்.

எக்ஸ்-மென் ஆறு பேர் ஆடுவாங்களாமே? அதையும் போட்டுடலாமா?

ஆறு பேர் பதிப்பு நிஜமாகவே இருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு திரையை வைத்து ஒரே நீளப் படமாகக் காட்டிய கேபினெட் அது. மேம் இரண்டு திரையையும் ஒட்டிக் காட்டும். ஆனால் ஒரே மானிட்டரில் படம் ஒரு நீளமான நாடாவாகி, மேலும் கீழும் கறுப்பு விழுந்துவிடும். பேனலில் நாலு பேர் போக, முன்னால் விட்ட யூஎஸ்பி துளைகளில் இரண்டு கேம்பேட் செருகினால் ஆறு பேர் கணக்குச் சரியாகும். எக்ஸ்பாக்ஸ் வகை எல்லையை மட்டும் நினைவில் வையுங்கள். ஒருமுறை ஆடிப் பார்த்தோம். பத்து நிமிடத்தில் மூன்று பேர், தாங்கள் யார் என்று தெரியாமலே வேறொருவரின் ஆளை ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் பதிப்புக்கே திரும்பிவிட்டோம். மற்ற இருவர் தோற்றவரின் இடத்துக்காகப் பின்னால் காத்திருந்தார்கள்.